கோ சொல்லிட்டுத் தொடு

மங்கலம் ரோடு, திருப்பூர்
22.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வர்ஷினி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் எல்லோரும் நலம். உன் நலமும், உன்னோடு ஹாஸ்டலுக்குக் கிளம்பி வந்த உன் மூக்கடைப்பின் நலமும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் வார்டன் பக்கத்தில் நிற்கிறார் என்று நீ "ம்", "ம்" என்று மட்டும் சொல்கிறாய். பிளஸ் ஒன் சேர்ந்ததும் பேச்சை மறந்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் எங்கள் பள்ளிக் கோ-கோ டீமில் சேர்ந்துவிட்டேன்! ஆமாம், நானேதான். பஸ்ஸுக்கு ஓடச் சொன்னால் "அடுத்த பஸ்ல போலாம்" என்று சொல்லும் அதே வர்ஷினி. கருப்புசாமி சார் எட்டாம் வகுப்புப் பெண்கள் எல்லோரையும் மைதானத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். நான் ஓடி முடித்துத் திரும்பினால், "ஏம் புள்ள, இத்தன நாளா எங்க இருந்தே?" என்கிறார். "கடைசி பெஞ்சுலதானுங் சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.

உனக்குக் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் சொல்கிறேன். எட்டுப் பேர் ஒரே வரிசையில், ஒருத்தி இந்தப் பக்கமும் அடுத்தவள் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தியிருப்போம். ஒன்பதாவது ஆள் எதிராளியை விரட்டுவாள். பிடிக்க முடியவில்லை என்றால், உட்கார்ந்திருப்பவளின் பின்னால் வந்து முதுகைத் தொட்டு "கோ!" என்று கத்துவாள். உடனே இவள் எழுந்து ஓட வேண்டும், அவள் இந்த இடத்தில் உட்கார வேண்டும். கத்தாமல் தொட்டால் ஃபவுல். தொடாமல் கத்தினாலும் ஃபவுல். அவ்வளவுதான் ஆட்டம், ஆனால் அதற்குள் உயிர் போய் உயிர் வந்துவிடும்.

செப்டம்பரில் குறுவட்டப் போட்டி. சார் பன்னிரண்டு பேரை எடுத்திருக்கிறார். களத்தில் இறங்கப்போவது ஒன்பது பேர்தான். அந்த ஒன்பதில் நான் இருக்க வேண்டும் அண்ணா. இவ்வளவு ஆசையாக நான் எதையும் கேட்டதில்லை, அந்தக் கறுப்பு நாய்க்குட்டியைத் தவிர.

கேப்டன் சுபஸ்ரீ. உனக்குத் தெரியும், அம்மா செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஓனரின் மகள். என் வகுப்புதான். நன்றாக ஓடுவாள்.

அப்பா தூத்துக்குடி லோடு போயிருக்கிறார். உன்னை விசாரித்து எழுதச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

இப்படிக்கு,
காற்றைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடும்
வர்ஷினி

*

ராசிபுரம்
29.6.2025

அன்புள்ள வர்ஷினிக்கு,

அண்ணன் தரணி எழுதுவது. நான் நலம், மூக்கடைப்பு என்னைவிட நலம். அம்மா அப்பா நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் இங்கே செய்த கலாட்டாவைக் கேள். எங்கள் ரூமில் எட்டுப் பேர். போன் இல்லை, டிவி இல்லை, ஜன்னலைத் திறந்தால் கோழிப்பண்ணை. சாயங்கால டீ நேரத்தில் நான் உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததை ரூம் லீடர் சதீஷ்குமார் பார்த்துவிட்டான். பிளஸ் டூ படிக்கிறான், ஆள் பீரோ மாதிரி இருப்பான். "டேய், சத்தமாப் படிடா" என்றான். படித்தேன். "கடைசி பெஞ்சுலதானுங் சார்" என்ற இடத்தில் ரூமே விழுந்து விழுந்து சிரித்தது. சதீஷ்குமார் சிரித்த வேகத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அப்புறம் தூங்கும்வரை நல்ல மூடில் இருந்தான்.

இனிமேல் நீதான் இந்த ரூமின் சொந்த டீம். பல்லடத்து டேனியல் என்று ஒருவன் இருக்கிறான், என் செட். அவன் சுவரில் பென்சிலால் கோ-கோ களம் வரைந்துவிட்டான். நீ எந்த இடத்தில் உட்காருகிறாய் என்று எழுது, புள்ளி வைக்க வேண்டுமாம்.

சீக்கிரம் எழுது. பெரிதாக எழுது. மேட்ச் நடந்தால் ஒரு ஓட்டம்கூட விடாமல் எழுது. தங்கையாகப் பிறந்ததற்கு இதையாவது செய்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று திட்டாதே. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் ஓட்டத்தை நம்பாவிட்டாலும் உன்னை நம்பும் அண்ணன்,
தரணி

*

திருப்பூர்
13.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கும், ரூமில் உள்ள ஏழு அண்ணன்களுக்கும்,

இங்கு அனைவரும் நலம். அங்கு எட்டுப் பேரின் நலமும், கோழிகளின் நலமும் அறிய ஆவல். டேனியல் அண்ணாவிடம் சொல், நான் ஐந்தாவது இடம். புள்ளியைக் கொஞ்சம் அழகாக வைக்கச் சொல்.

நேற்று ஒன்பதாம் வகுப்பு அக்காக்களோடு மேட்ச்! அவர்களில் ஒருத்திக்குக் கால் இரண்டு முழம் இருக்கும். அவள் ஓடி வந்தால் மண் பறக்கும். என் தோழி கிருத்திகா எனக்குக் கோ கொடுத்தாள். எழுந்தேன் பார், காதில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த அக்கா வரிசையின் கோடியில் நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றித் திரும்பினாள், நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தேன். விரல் நுனியில் அவள் சடை பட்டது! அவுட்! சார் விசிலைக் கீழே போட்டுவிட்டார். என் முழங்கையில் நல்ல சிராய்ப்பு, அதை நான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறேன்.

பிற்பாதியில் ஒரு சின்னச் சொதப்பல். சுபஸ்ரீ எனக்குக் கோ கொடுத்தாள். எழுவதற்கு முன்னால் என் கை முதுகுக்குப் போய்விட்டது. ஏதோ பூச்சி என்று நினைத்துவிட்டேன். அதற்குள் எதிராளி பறந்துவிட்டாள். "முதுக அப்பறமாச் சொறி புள்ள, மொதல்ல ஓடு!" என்று சார் கத்தினார். அடுத்த தடவையும் அதே பூச்சி. நான் எழுந்தபோது கோ கொடுத்தவள் என் மேலேயே மோதிக்கொண்டாள். தோற்றுவிட்டோம், இரண்டே பாயிண்ட்டில். சார் என்னைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டார்.

பரவாயில்லை. பூச்சியை ஒரு கை பார்த்துவிடலாம்.

சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டு எழுதும்,
வர்ஷினி

*

ராசிபுரம்
20.7.2025

அன்புள்ள வர்ஷினிக்கு,

எட்டுப் பேரும் நலம். கோழிகள் இன்று மதியம் சாம்பாரோடு வந்தன, அவற்றின் நலம் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அம்மா அப்பா நலமா?

சடை பட்டது என்று படித்ததும் ரூமில் ஒருவன் கட்டிலில் ஏறிக் குதித்தான். சதீஷ்குமார் வழக்கம்போலத் தன் மகிழ்ச்சியை என் முதுகில்தான் தெரிவித்தான். இரண்டு பாயிண்ட்டில் தோற்றது பற்றி இங்கே பெரிய விவாதம். அந்தப் பூச்சி யாருடைய ஆள் என்று விசாரணை வைக்க வேண்டுமாம்.

ஒரு வேடிக்கை. உன் கடித மடிப்பில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்மா ஒட்டுவாரே, அதே அம்பு. அது சரியாக உன் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் வேலை பார்ப்பவர் வீட்டில் சோற்றுக்குள்கூட அம்பு கிடைக்கும் என்று சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். டேனியல் மட்டும் சிரிக்கவில்லை. அதை உரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்தப் பூச்சி சுபஸ்ரீ தொடும்போது மட்டும் வருகிறதா, மற்றவர்கள் தொட்டாலும் வருகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அடுத்த கடிதத்தை எதிர்பார்த்து ஹாஸ்டல் கேட் அருகே நிற்கும்,
தரணி

*

திருப்பூர்
3.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இன்று ஆடிப் பதினெட்டு. அம்மா தேங்காய்ப்பால் வைத்தார், உன் பங்கையும் நானே குடித்தேன்.

மேட்ச் ஒன்றும் இல்லை. சார் இப்போது என்னை வெளியே உட்கார வைத்திருக்கிறார். "உனக்குக் கால் நல்லாத்தான் இருக்குது, கையத்தான் காணோம்" என்கிறார். என் இடத்தில் வேறொருத்தி இறங்குகிறாள். டேனியல் அண்ணாவை ஐந்தாவது புள்ளியை அழிக்கச் சொல்லிவிடு.

வீட்டில் ஒரு கூத்து. என் யூனிபார்மைத் துவைக்கும்போது முதுகில் இரண்டு அம்பு ஒட்டியிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். "ஐயோ, நாந்தேன் கம்பெனில இருந்து சேலையில ஒட்டிக்கிட்டு வந்து புள்ள துணியில தேச்சுட்டனாட்ட இருக்குது" என்று ஒரே வருத்தம். இப்போது தினமும் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிற்கிறார். சேலையை உதறி, முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அக்கா, "என்ன அமராவதி, தெனமும் பேயா ஓட்டறே?" என்று கேட்டுச் சிரிக்கிறார். அம்மாவும் சிரிக்கிறார். நான் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேறு விசேஷம் இல்லை.

வர்ஷினி

*

ராசிபுரம்
10.8.2025

அன்புள்ள வர்ஷினிக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

போன கடிதத்தை ரூமில் படித்துக் காட்டவில்லை. வரவே இல்லை என்று சொல்லிவிட்டேன். டேனியலிடம் மட்டும் அம்மா சேலை உதறும் கதையைச் சொன்னேன். அவன் என்னைத் தனியாக மாடிக்குக் கூட்டிப் போனான்.

"டேய் தரணி, உன் தங்கச்சிய ஸ்கூல்ல செக்கிங் பண்றாங்களாட்ட இருக்குதுடா" என்றான்.

அவன் படித்த பள்ளியிலும் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் பனியன் கம்பெனி வேலைதானாம். அம்பு ஸ்டிக்கர் யார் பையில் கைவிட்டாலும் கிடைக்குமாம். யாரிடம் குறை என்று நினைக்கிறார்களோ அவர்கள் மேல் ஒட்டுவார்களாம். டேனியலுக்குக் காது கொஞ்சம் பெரிது. எட்டாம் வகுப்பு முழுக்க அவன் காதில் அம்போடு திரிந்தானாம். இப்போதும் யாராவது பக்கத்தில் வந்தால் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். நான் இத்தனை நாள் அதை அவன் பழக்கம் என்று நினைத்தேன்.

வர்ஷினி, அது பூச்சியா, அம்பா? எனக்கு மட்டும் எழுது. சத்தியமாக நான் மட்டும்தான் படிப்பேன்.

தரணி

*

ராசிபுரம்
24.8.2025

அன்புள்ள வர்ஷினிக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. இன்று போனில் பேசினால் நீ "ம்", "ம்" என்று மட்டும் சொல்கிறாய். உன் பக்கத்தில் எந்த வார்டன் நிற்கிறார்?

ரூமில் பழைய கடிதங்களையே இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சதீஷ்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. அது கிடக்கட்டும். நீ எழுது.

தரணி

*

திருப்பூர்
28.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா அப்பா நலம். அம்புதான்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தை எழுதுவது சுலபம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்தே நடக்கிறது. காலை பிரேயருக்கு முன்னால் சுபஸ்ரீயும் இன்னும் இரண்டு பேரும் வகுப்பு வாசலில் நிற்பார்கள். "செக்கிங், செக்கிங்" என்பார்கள். என் யூனிபார்ம் போன வருடத்தது, அம்மா மடிப்பைப் பிரித்து நீளமாக்கியது, அந்தப் பழைய கோடு தெரியும். அதற்கு ஒரு அம்பு. நெற்றிப் பருவுக்கு ஒன்று. எண்ணெய்த் தலைக்கு ஒன்று. மூன்று அம்பு வாங்கினால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனவளோடு அன்றைக்கு யாரும் பேசக் கூடாது. கிருத்திகாகூடப் பேச மாட்டாள், பேசினால் அவளுக்கும் ஒட்டுவார்களே.

முன்னால் ஒட்டினால் உரித்துவிடலாம். முதுகில் ஒட்டினால் தெரியாது. ஒரு நாள் பஸ்ஸில் ஒரு அண்ணன், "தங்கச்சி, முதுகுல என்னமோ ஒட்டிருக்குது பாரு" என்றார். காலையிலிருந்து அதோடுதான் சுற்றியிருக்கிறேன். பிரேயரில், சாப்பாட்டு வரிசையில், எல்லா இடத்திலும். அன்றைக்கு அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அதிலிருந்து யார் முதுகைத் தொட்டாலும் கை தானாகப் போய்விடுகிறது. நான் போகச் சொல்லவில்லை அண்ணா, அதுவாகப் போகிறது.

இதைவிட மோசமானது ஒன்று. இப்போதெல்லாம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நானே என்னைச் செக்கிங் செய்கிறேன். இங்கே ஒட்டுவார்கள், அங்கே ஒட்டுவார்கள் என்று பார்க்கிறேன். பார்த்தால் அம்பு ஒட்டாத இடமே என்னிடம் இல்லை போலத் தோன்றுகிறது. மைதானத்தில் ஓடும்போது மட்டும் அது மறந்துபோகும். இப்போது அதுவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அம்மா அவர்கள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் வாயைத் திறந்து அம்மா வேலை போய்விட்டால்? உன்னிடம் எழுதலாம் என்றால், நீ ரூமுக்கே படித்துக் காட்டுகிறாய். எட்டு அண்ணன்கள் என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு இடத்திலாவது நான் அப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்.

ஆனால் அம்மா சேலையை உதறுவதைத்தான் பார்க்க முடியவில்லை.

வர்ஷினி

*

ராசிபுரம்
2.9.2025

என் அருமைத் தங்கைக்கு,

நான் நலமில்லை. உன் கடிதத்தைப் பாத்ரூமில் தாழ்போட்டுக்கொண்டு படித்தேன். அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. உன்னைப் பேசவிடாமல் செய்ததில் என் வாய்க்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் அதிகமாக வலிக்கிறது.

என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. பஸ் ஏறி வந்து அந்த சுபஸ்ரீயைக் கேட்கலாமா என்று தோன்றியது. வார்டன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறார். யோசனை சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை, ஏன் என்று இப்போது கேட்காதே.

ஒன்று மட்டும். நீ கெட்டிக்காரி என்று அவர்கள் நினைத்தது உன் ஓட்டத்தைக் கேட்டு. அந்த ஓட்டம் பொய்யில்லையே. சடை பட்டது பட்டதுதான்.

கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

உன் அண்ணன்,
தரணி

*

திருப்பூர்
14.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலம், நலம்! மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தாராளமாகச் சத்தம் போட்டுப் படி. எல்லா அண்ணன்களும் வந்து உட்காரட்டும், முதலில் இருந்தே சொல்லு, அம்பையும் சேர்த்துச் சொல்லு. இனிமேல் எனக்குக் கவலை இல்லை.

உன் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் அம்மா வாசலில் சேலையை உதறிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"உதறாதீங்கம்மா. உங்க மேல ஒண்ணுமில்ல. அது ஸ்கூல்ல என் மேல ஒட்டுனது."

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை வாசற்படியில் உட்கார வைத்தார். பிறகு, "வேலை போயிருமின்னா இத்தன நாளா வாயத் தொறக்காம இருந்தே?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அடி கூறுகெட்டவளே! இந்தத் தெருவுல 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு இல்லாத கேட் ஒண்ணக் காட்டு பாக்கலாம்! உங்கம்மா இன்னைக்கு நின்னா நாளைக்கு எதுத்த கேட்டுல கூப்பிட்டு உக்கார வெப்பாங்க!" என்று சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். நிஜம்தானே அண்ணா, தினமும் அந்தப் போர்டுகளைப் பார்த்துக்கொண்டேதானே பள்ளிக்குப் போகிறேன்! அப்புறம் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதே ஓனர் வீட்டுக்குக் கிளம்பினார். "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கம்மா, மொதல்ல நானே கேக்கறேன்" என்றேன்.

மறுநாள் காலை வகுப்பு வாசல். சுபஸ்ரீ என் முன்பக்கம் ஒன்றும் ஒட்டவில்லை, வழிவிட்டாள். எனக்குத் தெரியும், முதுகுக்குத்தான் வரும். வந்தது. மெதுவாக, விரல் நுனியால். வழக்கம்போல என் கை பின்னால் போகக் கிளம்பியது. நான் அதை அப்படியே மேலே தூக்கி, நம்ம அம்பயர் தூக்குவாரே, அந்த மாதிரித் தூக்கிக் கத்தினேன்:

"ஃபவுல்!"

காரிடார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "தொட்டே, கோ சொல்லல. ஃபவுல்!" என்றேன். யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. நான் நிறுத்தவில்லை. "இதபாரு சுபஸ்ரீ. இனிமே என் முதுகுல கை வெக்கோணும்னா கோ சொல்லிட்டு வை. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு வை."

"எங்கப்பாகிட்டச் சொல்றன் இரு" என்றாள்.

"சொல்லு. எங்கம்மா எதுத்த கேட்டுக்குப் போயிருவாங்க."

அப்போது கிருத்திகா பக்கத்தில் வந்து என் முதுகிலிருந்து அம்பை உரித்தாள். எல்லோர் முன்னாலும். அதைச் சுருட்டிக் கீழே போட்டாள். மத்தியானம் ஆறாம் வகுப்புச் சின்னப்பெண் ஒருத்தி மேல் யாரோ ஒட்டப்போக, அது "ஃபவுல்!" என்று கீச்சுக் குரலில் கத்தியதே பார்க்கணும். மறுநாள் பள்ளி முழுக்க இதே கத்தல். கணக்கு மிஸ் தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கருப்புசாமி சாரிடம் போய், "இன்னொரு தடவ பாருங்க சார்" என்றேன். உட்காரச் சொன்னார். கிருத்திகா கோ கொடுத்தாள், எழுந்தேன். இன்னொருத்தி கொடுத்தாள், எழுந்தேன். "சுபஸ்ரீ, நீ குடு" என்றார். சுபஸ்ரீ வந்து தொட்டு, வாய்க்குள்ளேயே கோ என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. "கேக்கலீங் சார்" என்றேன். சார் அவளைப் பார்த்தார். அவள் மறுபடி வந்து மைதானம் அதிரக் கத்தினாள். எழுந்து ஓடிக் கம்பத்தைத் தொட்டேன். "அஞ்சாவது எடம்" என்று சார் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். டேனியல் அண்ணா, புள்ளி!

வெள்ளிக்கிழமை போட்டி. இரண்டு டீமை ஜெயித்து ஃபைனலுக்கு வந்துவிட்டோம். பல்லடம் ரோட்டுப் பள்ளிப் பெண்கள் எதிரே. அவர்களிடம் ஒரு இரட்டைச் சடைக்காரி இருக்கிறாள், பாம்பு மாதிரி நெளிந்து வரிசைக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவாள். கடைசி ஆட்டம், நாங்கள் விரட்ட வேண்டும். அவள் ஒருத்தி அவுட் ஆனால் கோப்பை எங்களுக்கு. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சுபஸ்ரீக்கு அவளை விரட்டி விரட்டி வாயில் நுரை தள்ளிவிட்டது. சடைக்காரி சட்டென்று எனக்கு நேர் எதிரே திரும்பினாள். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம். சுபஸ்ரீதான் என்று தெரியும். அவள் எனக்குக் கொடுப்பாளா, அடுத்தவளுக்குக் கொடுப்பாளா?

"கோஓஓ!"

அண்ணா, அந்த மாதிரி ஒரு கோ திருப்பூரே கேட்டிருக்காது. முதுகில் பளார் என்று விழுந்தது. என் கை பின்னால் போகவில்லை! தரையை உந்திக்கொண்டு முன்னால் போனது! சடைக்காரி வலப்பக்கம் நெளிந்தாள், நானும் நெளிந்தேன், அவள் கம்பத்துக்குப் பாய்ந்தாள், நான் அவள் மேலேயே பாய்ந்தேன். தோளைத் தொட்டேன். நன்றாக, ஐந்து விரலும் படும்படி. விசில்!

அப்புறம் நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை. சார் என்னைத் தூக்கிச் சுற்றினார், செருப்பு ஒன்று காணாமல் போனது, அடுத்த மாதம் மாவட்டப் போட்டி.

சுபஸ்ரீ என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அம்மா நேற்று ஓனரிடம் நேராகவே சொல்லிவிட்டார். அவர் முகம் தொங்கிப்போய்விட்டதாம். வேலை போகவில்லை. நாளைக்குப் பள்ளியில் அவள் எப்படி இருப்பாள் என்று தெரியாது. எப்படி இருந்தாலும் கத்தத் தெரியும் எனக்கு.

வீட்டுக்கு வந்து ஜெர்சியைக் கழற்றினேன். மஞ்சள் துணியில் முதுகுப்பக்கம் செம்மண்ணில் ஒரு கை பதிந்திருந்தது. அம்மாவின் செக்கிங் கண் விடுமா? "இங்க பெரிய கறை இருக்குது பாரு கண்ணு, ஊற வெக்கோணும்" என்றார்.

"இருக்கட்டும்மா, அது கோ" என்றேன். இன்னும் துவைக்கவில்லை.

ஐந்தாவது இடத்திலிருந்து,
வர்ஷினி

*

ராசிபுரம்
21.9.2025

வெற்றித் தங்கைக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. செருப்பு கிடைத்ததா?

உனக்கு எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். சதீஷ்குமார் சிரிக்கும்போது மட்டும்தான் குத்துகிறான் என்றில்லை. புதிதாகச் சேர்ந்தவன் என்று தினமும் சாயங்காலம் அவனுக்கு என் முதுகில்தான் வேலை. குப்புறப் படுத்து எழுதியது அதனால்தான். உன் கடிதம் வந்த நாளில் மட்டும் கதை கேட்கும் ஆசையில் ஒன்றோடு விட்டுவிடுவான். அதற்காகத்தான் சத்தமாகப் படித்தேன், பெரிதாக எழுது, சீக்கிரம் எழுது என்று உன்னை அரித்தேன். ஆகஸ்ட் மாதம் படிக்க ஒன்றும் இல்லை, அதை விடு. வாயைத் திறக்காத நான் உனக்கு என்ன யோசனை சொல்ல முடியும்?

உன் கடிதத்தை முதலில் இருந்து படித்தேன், அம்பையும் சேர்த்து. "கோ சொல்லிட்டு வை" என்ற இடம் வந்ததும் சதீஷ்குமார், "சூப்பர்டா உன் தங்கச்சி!" என்று கையை ஓங்கினான். நான் கடிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து அவன் பக்கம் திரும்பினேன்.

"கோ சொல்லலீங்கண்ணா. ஃபவுல்."

 அப்புறம் டேனியல் எழுந்து, "ஃபவுல்!" என்றான். மூலையிலிருந்து இன்னொருவன். பிறகு எல்லோரும். சதீஷ்குமார் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, மிச்சத்தப் படிடா" என்றான். படித்தேன். கடைசிக் கோவுக்கு ரூமே கத்திய கத்தலில் வார்டன் ஓடி வந்தார். நல்லதாகப் போயிற்று என்று நானும் டேனியலும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். சதீஷ்குமாரை வேறு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று டீ வரிசையில் நின்று, "மாவட்டப் போட்டி என்னைக்குடா?" என்று தூரத்திலிருந்தே கேட்டான். சொன்னேன்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. கையெழுத்தைப் பார், நேராக இருக்கிறது.

தரணி